பதினஞ்சாம் நம்பர் பொடி

"உங்க கிரைண்டர்ல எத்தனாம் நம்பர் சார் வைக்கிறீங்க?"

போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் ஒரு தம்பி என்னை மடக்கிக் கேட்ட கேள்வி இது. புதுசாக் கல்யாணம் ஆனவர். ஃபில்டர் காப்பிக்காகக் கிரைண்டர் வாங்கியிருக்கிறார். பொடி சரியா வரலை. அதனால் ஊரெல்லாம் விசாரித்து செல்ஃபோனில் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார். ஒருத்தர் 15 சொன்னாராம். இன்னொருத்தர் 18. மூணாமத்தவர் 22. நியூ ஜெர்சி சித்தப்பா 8.

"சராசரி 15.75 வருது சார். ஒரு 16 வச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும். வரலை. கோபம்தான் வந்தது. அந்தத் தம்பி மேல இல்லை, பாவம் அவர் என்ன பண்ணுவார். எனக்கும் இந்த நம்பருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"தம்பி, 100 ரூபா, 100 டாலர், 100 யென், 100 தினார். நாலையும் கூட்டி நாலால வகுத்தா என்ன வரும்?" என்று கேட்டேன்.

"நூறு."

"நூறு என்ன?"

தம்பி முழித்தார். அந்த முழிக்குத்தான் இந்தப் பதிவு.

காப்பி கிரைண்டரில் எழுதியிருக்கும் நம்பர் ஒரு அளவு இல்லைங்க. கிலோ மாதிரி, லிட்டர் மாதிரி, டிகிரி மாதிரி அது எதையும் அளந்து சொல்வதில்லை. ஒரு மிஷின் நம்பரை இன்னொரு மிஷின் நம்பரோடு ஒப்பிடுவது வெட்டி வேலை. வெட்டி வேலையோட நின்றால்கூடப் பரவாயில்லை. நம்ம வீடுகளில் அது ஆளைக் காயப்படுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

*

நான் முதல்முதலாக வேலைக்குச் சேர்ந்தது ஊரில் ஒரு பாங்க் கிளையில். அப்பவும் அங்கே பித்தளை டோக்கன் உண்டு. செக்கைக் கொடுத்தால் ஒரு வட்டமான பித்தளை வில்லையைக் கொடுப்போம். அதில் நம்பர் இருக்கும். கேஷியர் நம்பரைக் கூப்பிட்டதும் போய்ப் பணம் வாங்கிக்கணும்.

15-ஆம் நம்பர் டோக்கன் வைத்திருந்தவருக்கு நேற்று 500 ரூபாய் கிடைத்தது. இன்றைக்கு அதே டோக்கனை வாங்கினவருக்கு 50,000. பக்கத்துத் தெரு பாங்கில் 15 வைத்திருக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா? டோக்கன் நம்பரைப் பார்த்து, "ஓஹோ, உங்களுக்குப் பதினஞ்சா, அப்ப எனக்கும் பதினஞ்சு குடுங்க" என்று யாராவது கேட்டால் என்ன நினைப்போம்?

கிரைண்டர் நம்பர் அந்தப் பித்தளை வில்லைதான். அந்த மிஷினுக்குள்ளே, அந்த வீட்டுக்குள்ளே மட்டும் செல்லும். வெளியே வந்தால் வெறும் பித்தளை.

சும்மா வாயால சொல்லாமல் கணக்கோடு சொல்கிறேன். (பி.காம் படித்தவன் வேறு என்ன செய்வான்.)

இங்கே நம்ம ஆட்கள் வீட்டில் அதிகம் பார்க்கிற பராட்ஸா என்கோர் மிஷினை எடுத்துக்குங்க. அதில் 40 நம்பர் இருக்கு. காகித ஃபில்டரில் ஊற்றிக் குடிக்கிற காப்பிக்கு 15 பக்கம் வைக்கச் சொல்லிக் கம்பெனியே ஆரம்ப வழிகாட்டியாகச் சொல்லியிருக்கு. அதே கம்பெனி 2023-இல் என்கோர் ஈ.எஸ்.பி என்று ஒரு தம்பி மாடல் விட்டது. அதிலும் 40 நம்பர்தான். ஆனால் 1-லிருந்து 20 வரைக்கும் எஸ்பிரெஸோவுக்கான பொடி, 21-லிருந்து 40 வரைக்கும்தான் மற்ற காப்பிக்கான பொடி. ஒரே கம்பெனி, பெயரும் பாதி ஒண்ணு. அண்ணன் மிஷினில் 15 வைத்தால் ஒரு பொடி, தம்பி மிஷினில் 15 வைத்தால் அதைவிட எத்தனையோ நைஸான வேறொரு பொடி. கூடப்பிறந்ததுகளே இப்படி என்றால் ஊரான் மிஷினைப் பற்றிக் கேட்கணுமா?

கையால் சுற்றுகிற மிஷின்களில் "கிளிக்" கணக்கு. டிக் டிக் என்று எண்ணித் திருப்பணும். ஜெர்மனியின் கமாண்டான்ட்டே சி40-இல் ஒரு கிளிக்குக்குச் சுமார் 30 மைக்ரான். தைவானின் ஒன்இசட்பிரெஸ்ஸோ ஜேஎக்ஸ் மாடலில் ஒரு கிளிக்குக்கு 25 மைக்ரான். அதே கம்பெனியின் ஜேஎக்ஸ் ப்ரோவில் 12.5. இப்ப "20 கிளிக்" என்று ஒருத்தர் சொன்னார் என்றால், முதலாவதில் 600 மைக்ரான், இரண்டாவதில் 500, மூன்றாவதில் 250. இதில் இன்னொரு கூத்து இருக்கு. கமாண்டான்ட்டேக்கு ரெட் கிளிக்ஸ் என்று ஒரு மாற்று அச்சு விற்கிறார்கள். அதைப் போட்டால் ஒரு கிளிக் பாதியாகிவிடும். அதாவது அதே மிஷின், அதே பல், அதே கை. 20 என்று சொன்னது திடீரென்று 40 ஆகிவிடும்!

"சரி, அப்ப மைக்ரானைச் சொல்லிக்கலாமே?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. அங்கேயும் ஒரு குழி இருக்கு. அந்த மைக்ரான் பொடியோட அளவு இல்லை. உள்ளே இருக்கிற பல் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு மேலேயோ கீழேயோ நகருது என்கிற அளவு. பல் கூம்பு வடிவத்தில் சாய்வாக இருப்பதால் இரண்டு பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதே அளவு கூடாது, கம்மியாத்தான் கூடும். அப்புறம் பூஜ்யம் எது? பல்லும் பல்லும் லேசா உரசுகிற இடமா, கைப்பிடி சுற்றாமல் இறுகி நிற்கிற இடமா? ஆளுக்கொரு இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள். ஓப்பனிங் பேலன்ஸே வேற வேற. குளோசிங் பேலன்ஸ் எப்படி டேலி ஆகும்?

ஃபெல்லோ ஓட் என்று ஒன்று. அதில் நம்பர் 1-லிருந்து 11 வரைக்கும்தான். 11 என்றால் அதில் இருப்பதிலேயே கொரகொரப்பான பொடி. என்கோர்காரர் 11 என்றால் நைஸ் பக்கம். இரண்டு பேரும் கல்யாண வீட்டில் "நானும் 11-தான் சார்" என்று கை கொடுத்துக்கொள்வதை நானே கண்ணால் பார்த்தேன் :-)

இன்னும் ஆழமான மேட்டர் ஒண்ணு இருக்கு. எந்த மிஷினும் எல்லாத் துகளையும் ஒரே அளவில் அரைப்பதில்லை. பெரிசு, நடுத்தரம், மாவுத்தூள் என்று கலந்துதான் வரும். நடுத்தரம் இரண்டு மிஷினிலும் ஒண்ணாக இருந்தாலும், ஒன்றில் மாவுத்தூள் அதிகம், இன்னொன்றில் கம்மி. நம்ம ஃபில்டருக்கு இந்த மாவுத்தூள்தான் எமன். காகிதம் கிடையாது, அடித்தட்டில் பொடிப்பொடி ஓட்டை மட்டும்தான். தூள் போய் ஓட்டையை அடைத்தால் டிகாஷன் இறங்காது. விடிய விடியக் காத்திருந்தாலும் நாலு சொட்டு. தூளே இல்லாமல் கொரகொரப்பாக இருந்தால் தண்ணி தடதடவென்று இறங்கி ஓடிவிடும். கிடைப்பது காப்பி கழுவின தண்ணி.

போதாததுக்குக் கொட்டை. கருக வறுத்தது நொறுங்கும், தூள் அதிகம் விழும். இளசா வறுத்தது கல்லு மாதிரி இருக்கும். போதாததுக்கு இந்த ஊர்க் குளிர். ஜனவரியில் ஹீட்டர் போட்டு வீடே காய்ந்து கிடக்கும்போது அரைத்தால் மின்னூட்டம் ஏறித் தூளெல்லாம் மிஷின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு இதை ஆராய்ந்து 2023 டிசம்பரில் கட்டுரையே போட்டார்கள். அரைப்பதற்கு முன்னால் கொட்டையில் துளி தண்ணி தெளித்தால் மின்னூட்டம் குறைகிறது என்று அளந்து காட்டினார்கள். ஆக, உங்க வீட்டு மிஷினிலேயே ஜூலை 15-ம் ஜனவரி 15-ம் ஒண்ணு இல்லை. (தேதியைச் சொல்லலீங்க, நம்பரைச் சொல்றேன்.)

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவனந்தபுரம், பழவங்காடி. பூர்வீகம் நாஞ்சில் நாடு. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளை. சாலை, திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உண்டான கடைத்தெரு. அங்கே நம்ம தமிழ்க்காரங்க பலசரக்கும் பாத்திரமும் விற்றுத் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். ஊர் முழுக்கச் சாயா குடிக்கும். எங்க தெருவில் மட்டும் காலையில் காப்பி மணக்கும். வீட்டில் ஆச்சி இருந்தவரை கருப்பட்டிக் காப்பிதான். ஃபில்டர் என்பது அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டு வந்த பித்தளைச் சாமான்.

மாசம் இரண்டு முறை பொடி வாங்க அப்பாவோடு போவேன். கடைக்காரர் கொட்டையை நிறுத்துக் கொட்டுவார். இரும்பு மிஷின், உள்ளே இரண்டு தட்டு. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதைத் திருப்பினால் தட்டு நெருங்கும், விலகும். அந்தச் சக்கரத்தில் ஒரு நம்பர் கிடையாது. ஒரு கோடுகூடக் கிடையாது.

நம்பருக்குப் பதிலாக அவர் கேள்வி கேட்பார். "வீட்ல பித்தளை ஃபில்டரா, எவர்சில்வரா? எத்தனை பேருக்கு? சிக்கரி எவ்வளவு?" பித்தளை என்றால் பழசு, ஓட்டை தேய்ந்து பெரிசா இருக்கும், அதுக்கு ஒரு பதம். புது எவர்சில்வர் என்றால் ஓட்டை சின்னது, அதுக்கு ஒரு பதம். சிக்கரி தண்ணியைக் குடித்து ஊதும், இறங்குவதைத் தாமசமாக்கும். அதனால் சிக்கரி கூடினால் கொட்டையைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைப்பார். மிஷினை ஓட்டி, முதல் பிடியை வலது கையில் வாங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். சக்கரத்தை இத்துனூண்டு திருப்புவார். மறுபடி தேய்ப்பார். தலையாட்டுவார். அப்புறம்தான் மீதிக் கொட்டை உள்ளே போகும்.

எனக்கு அப்ப அது ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். இப்ப யோசித்தால் மந்திரமே இல்லை. அவர் செய்தது அளவை. நாம செய்வதுதான் மந்திரம். பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சு என்று ஜபிக்கிறோம்.

*

இப்ப அந்தப் பழைய கணக்கு.

2023 அக்டோபரில் அம்மா எங்களோடு இருக்க வந்தாள். ஆறு மாசம். அம்மாவுக்காகவே நான் ஒரு நல்ல கிரைண்டர் வாங்கினேன். (மிஷின் பெயர் வேண்டாம். குற்றம் மிஷின் மேல் இல்லை.) அத்தை பையன் ஒருத்தன் வேறொரு கம்பெனி மிஷின் வைத்திருக்கிறான். அவன் வீட்டுக் காப்பி பிரமாதமாக இருக்கும். அவனிடம் கேட்டேன். "பதினஞ்சுல வைடா" என்றான். பதினஞ்சில் வைத்தேன்.

முதல் நாள் காலையில் அம்மா பொடியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இது என்ன மக்களே, மைதா மாவு மாதி இருக்கு?"

"கரெக்ட் நம்பர்தான்ம்மா" என்றேன். ஆபீசுக்கு ஆணி பிடுங்க ஓடுகிற அவசரம்.

டிகாஷன் இறங்கவில்லை. அம்மா ஃபில்டரைத் தட்டினாள். தட்டினாலும் இறங்கவில்லை. இறங்கின இரண்டு கரண்டி கசப்பு. மறுநாளும் அதே. மூணாம் நாள் தங்கமணி ஃபில்டரை வினிகர் ஊற்றிக் கழுவினாள். நான் தண்ணியை மாற்றினேன், கொட்டையை மாற்றினேன், பாலை மாற்றினேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அந்த நம்பர் ஒன்றைத் தவிர. அத்தை பையன் வீட்டில் 15-இல் நல்லா வருதே, அப்ப தப்பு வேறெங்கேயோதானே?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "நீ பொடிய ரொம்ப அமுக்குதம்மா. அதாக்கும் இறங்க மாட்டேங்கு."

அம்மா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கும் மக்களே. வயசாயாச்சுல்லா. கை போயிருக்கும்" என்றாள்.

அதுக்கப்புறம் அவள் ஃபில்டரைத் தொடவில்லை. "எனக்குச் சாயா போதும்" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தஞ்சு வருசமாகத் தினமும் டிகாஷன் போட்ட கை. விருந்தாளிக்கு, மருமகளுக்கு, எங்கப்பா போன அன்றைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் போட்ட கை. அந்தக் கை ஆறு மாசம் எங்க அடுப்படியில் டீ பாக்கெட்டை முக்கி எடுத்துக்கொண்டிருந்தது. நானும் இன்ஸ்டன்டைக் கலக்கிக் குடித்துவிட்டு ஓடினேன். தங்கமணிதான் ஒரு நாள் சொன்னாள், "அத்தை இப்பல்லாம் சமையல்லயும் உப்பு சரியாருக்கான்னு என்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க" என்று. அப்பவும் எனக்கு உறைக்கவில்லை.

ஏப்ரலில் அம்மா ஊருக்குப் போனாள். அவள் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்திருந்த சாலைக் கடைப் பொடி ஒரு பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. ஒரு நாள் அதைப் பிரித்து, சும்மா ஒரு யோசனையில், ஒரு தட்டில் அந்தப் பொடியையும் பக்கத்தில் என் மிஷின் பொடியையும் கொட்டித் தேய்த்துப் பார்த்தேன். ஊர்ப் பொடி நைஸ் ரவைக்குக் கீழே, பொடி உப்பு மாதிரி விரலில் உருண்டது. என்னுது நிஜமாவே மைதா. விரல் ரேகையில் அப்பிக்கொண்டது.

நம்பரை ஏற்றி ஏற்றி அந்தப் பொடி வரும்வரை அரைத்தேன். 26-இல் வந்தது. பதினஞ்சுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் என் அம்மாவோட ஆறு மாசம் இருந்தது.

அவள் முதல் நாளே, இரண்டு விரலால், மூன்று விநாடியில் வியாதி என்ன என்று சொல்லிவிட்டாள். நான்தான் ஒரு பித்தளை டோக்கனை நீட்டி அவள் வாயை அடைத்தேன்.

*

இங்கே இரண்டு கோஷ்டி என் மேல் பாயும் என்று தெரியும். இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கோஷ்டி: "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொல்றது. மிஷினே வேண்டாம். ஊர்லருந்து பொடி கொண்டுவாங்க. அந்தக் கைமணம் மிஷின்ல வராது."

ஐயா, வணக்கம். நானும் ஐந்து கிலோ கொண்டுவந்தவன்தான். அரைத்த பொடி வாசனையைத் தக்கவைப்பது நாள் கணக்கு, மிஞ்சினால் வாரக் கணக்கு. நாலாவது மாசம் டப்பாவின் அடியிலிருந்து நீங்க வழித்துப் போடுவது ஊர்ப் பொடி இல்லை, ஊர் ஞாபகம். ஞாபகத்தில் டிகாஷன் இறங்காது. கொட்டையாகக் கொண்டுவந்து, அல்லது இங்கேயே வாங்கி, அன்றன்றைக்கு அரைப்பதுதான் உத்தமம். மிஷின் வேணும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

அப்புறம் இந்தக் "கைமணம்", "பாரம்பரியம்". காப்பி நம்ம ஊருக்கு ஆதிகாலத்துச் சொத்து இல்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000-இல் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று புத்தகத் தலைப்பிலேயே போட்டு உடைத்தார். புதுசாக வந்த சாமானைப் பிடித்து, அரைத்து, பதம் பார்த்து, தப்புப் பண்ணித் திருத்தித்தான் நம்ம பாட்டிகள் கற்றுக்கொண்டார்கள். கைமணம் என்று சொல்லி அதை மாயமாக்கினால் அவர்கள் பட்ட பாட்டை மறைக்கிறோம். அது மணம் இல்லை, திறமை. திறமை என்றால் கற்றுக்கொள்ளலாம், டொரண்டோவிலும் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் கோஷ்டி: "நம்பர் வேண்டாம்னா எப்படி சார்? கண்ணை மூடிட்டுத் திருப்பறதா? கம்பெனியே அட்டவணை போடுதே?"

கம்பெனி அட்டவணை ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான். பல் தேயும். ஒரே மாடலில் இரண்டு மிஷினே கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும், அதனால்தான் அதைச் சரிசெய்கிற வழியையும் கம்பெனிகள் சொல்லித் தருகின்றன. முக்கியமாக, அந்த அட்டவணைகளில் எதிலாவது நம்ம ஃபில்டர் இருக்கா பாருங்க. காகித ஃபில்டர் இருக்கும், பிரெஞ்சு பிரெஸ் இருக்கும், எஸ்பிரெஸோ இருக்கும். பித்தளையில் இரண்டடுக்கு வைத்துக் குடை மாதிரி ஒரு தட்டால் மூடுகிற சாமான் பெரும்பாலும் இருக்காது. இல்லாத சாமானுக்கு அடுத்த வரியிலிருந்து நம்பரை இரவல் வாங்குகிறோம்.

நம்பர் அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்க மிஷினில், உங்க கொட்டைக்கு, உங்க ஃபில்டருக்குப் பதம் வந்துவிட்டதா? அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்க. நாளைக்கு நேராக அங்கே போக உதவும். உங்க அக்கவுண்ட் நம்பர் மாதிரி. உங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அடுத்தவன் அக்கவுண்டில் பணம் ஏற உங்க நம்பர் உதவாது.

(மூணாவது கோஷ்டி ஒண்ணு உண்டு. சிக்கரி போட்டால் அது காப்பியே இல்லை என்பார்கள். நம்ம நாட்டுச் சட்டமே குறைந்தது 51 சதவீதம் காப்பி இருந்தால் சிக்கரிக் கலவையாக விற்கலாம், பாக்கெட் மேல் கலப்பு எவ்வளவு என்று எழுதணும் என்கிறது. எழுதிப் போட்டு விற்பது கலப்படம் இல்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கொத்தமல்லி சேர்த்து வறுத்துக் "கோப்பி" போடுவார். அதைக் குடித்துப் பாருங்க, அப்புறம் பேசலாம்.)

*

அப்ப என்ன கேட்கணும்? என்ன சொல்லணும்? நான் இப்ப கடைப்பிடிக்கிற நாலு விஷயம்:

ஒண்ணு, மாதிரி. ஊர்க் கடையில் உங்க ஃபில்டருக்கு அரைத்த, சிக்கரி கலக்காத பொடி ஐம்பது கிராம், காற்றுப் புகாத சின்ன பாட்டிலில். குடிக்க இல்லை, தொட்டுப் பார்க்க. வாசனை போனாலும் பதம் போகாது. யாராவது நம்பர் கேட்டால் நம்பர் கொடுக்காதீங்க, ஒரு ஸ்பூன் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுங்க. பொடிதான் அளவு.

இரண்டு, சல்லடை. விரல் நம்பிக்கை வரும்வரை இது கை கொடுக்கும். 850 மைக்ரான், 425 மைக்ரான் கண்ணுள்ள சல்லடை இரண்டு, இங்கே 20, 40 என்ற மெஷ் நம்பரில் கிடைக்கும். (இந்த நம்பர் மட்டும் நிஜமான அளவு, கம்பெனிக்குக் கம்பெனி மாறாது!) ஊர்ப் பொடியைச் சலித்து எதில் எவ்வளவு நிற்குது என்று நிறுத்து எழுதுங்க. உங்க பொடியும் ஏறக்குறைய அப்படி நிற்கும்வரை திருப்புங்க.

மூணு, தராசு. ஸ்பூன் கணக்கு வேண்டாம். நைஸ் பொடியும் கொரகொரப்புப் பொடியும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது. எங்க வீட்டில் 20 கிராம் பொடிக்கு 100 மில்லி கொதித்து அடங்கின தண்ணி.

நாலு, கடிகாரம். நம்ம ஃபில்டரே ஒரு அளவுகோல். எங்க வீட்டு ஃபில்டரில் 12-லிருந்து 15 நிமிஷத்தில் இறங்கி முடிந்தால் பதம் சரி. அஞ்சு நிமிஷத்தில் ஓடிவிட்டால் நைஸ் பக்கம் திருப்புங்க. அரை மணி கழித்தும் மேல் அடுக்கில் தண்ணி நின்றால் கொரகொரப்புப் பக்கம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். தண்ணி, கொட்டை, பால் என்று எல்லாவற்றையும் நான் மாற்றின மாதிரி மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

மிக்ஸியில் அரைக்கலாமா என்று கேட்கிறவங்களுக்கு: பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் சிதறுகாய் உடைப்பதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு சில்லு உள்ளங்கை அளவு, ஒரு சில்லு நகத்தளவு, மிச்சம் தூள். மிக்ஸி பிளேடு காப்பிக் கொட்டைக்கு அதைத்தான் செய்கிறது. பிள்ளையாருக்கு அது போதும். ஃபில்டருக்குப் போதாது.

*

பொடி சரியாக வந்த அன்றைக்கே ஊருக்கு ஃபோன் போட்டேன். அங்கே ராத்திரி ஒன்பது மணி. அம்மா தூங்கப் போகிற நேரம். நடந்ததைச் சொன்னேன். நம்பர் தப்பு, பொடி மாவாக இருந்தது, உன் கைக்கு ஒண்ணும் ஆகலை என்று சொன்னேன். ஒரு ஆபீசர் கஸ்டமரிடம் தப்பான டெபிட்டுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் அன்னைக்கே மைதா மாதி இருக்குன்னு சொன்னேம்லா" என்றாள். குரலில் பழைய அதட்டல். ஆறு மாசம் எங்க வீட்டில் கேட்காத அதட்டல்.

"சொன்ன. நாந்தான் கேக்கல."

"சரி விடு. இப்ப எப்படி இருக்கு காப்பி?"

"நல்லாருக்கும்மா."

"பொடிய அமுக்காத," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

முட்டி வலியில் இன்னொரு தடவை அம்மாவால் இவ்வளவு தூரம் விமானத்தில் வர முடியுமா தெரியவில்லை. அதனால்தான் இந்த நம்பர் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்க வீட்டுக்கு இந்தக் கோடையில் அம்மாவோ மாமியாரோ வரப்போகிறார்கள் என்றால் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அரைத்த பொடியை முதலில் அவங்க கையில் ஒரு சிட்டிகை கொடுங்க. என்ன சொல்கிறார்களோ அதன்படி மிஷினைத் திருப்புங்க. நம்பர் எங்கே வந்து நிற்கிறதோ நிற்கட்டும்.

சனிக்கிழமைத் தம்பிக்கு என் பாட்டிலில் இருந்து ஒரு ஸ்பூன் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "இது எத்தனாம் நம்பர் சார்?" என்று கேட்டார்.

"பழவங்காடி" என்றேன்.